நடுங்கும் கை கண்ட எலும்பு ரகசியம்

சட்டைப் பித்தானைப் போட முடியாது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகும். பேசினால் வார்த்தை வாய்க்குள்ளேயே தங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டால்தான் புரியும்.

இப்படிப்பட்ட ஒருவர் 20 ஆண்டுக் காலம் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளியாக அல்ல, டாக்டராக! அவரைக் காரில் ஏற்றி வருவதும், திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடுவதும் இளம் டாக்டர்களின் வேலை. அந்த வேலைக்கு அவர்கள் போட்டி போட்டார்கள். காரில் போகும்போது அவர் முணுமுணுக்கும் நாலு வார்த்தை, நாலு புத்தகத்துக்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் பெயர் புல்லர் ஆல்பிரைட். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருந்தவர்.

சிறுநீரகம் கெட்டால் எலும்பு ஏன் கெடுகிறது? மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு, உயிர் பிழைத்து, வீட்டுக்கு வந்த பிறகும் சிலருக்கு இடுப்பும் முதுகும் ஏன் வலிக்கின்றன? லேசாக விழுந்தாலும் எலும்பு ஏன் முறிகிறது? இந்தக் கேள்விகளின் வேரைத் தேடிக்கொண்டு போனால் ஆல்பிரைட்டின் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

1900-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பபலோ என்ற ஊரில் ஆல்பிரைட் பிறந்தார். நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. தகப்பனார் ஜான் ஆல்பிரைட் பெரிய தொழில் அதிபர். இரும்புத் தொழிலிலும் மின்சாரத் தொழிலிலும் பணம் சேர்த்தவர். ஊருக்கு ஓர் அழகான ஓவியக் கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் மருத்துவம் படிக்கப் போனார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்து 1924-ல் டாக்டர் ஆனார்.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரி என்று ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஜோசப் ஆப் என்ற டாக்டர் ஈயத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈயத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் உடம்பில் ஈயம் சேர்ந்து விஷமாகும். அந்த ஈயம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? எலும்பில்! சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து எலும்புக்குள் குடியேறி விடுகிறது. எலும்பில் உள்ள சுண்ணாம்பு கரைந்தால் ஈயமும் கூடவே வெளியே வரும்.

ஆல்பிரைட் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் வந்தது ஈயத்தைப் பார்க்க. ஆனால் மனதைப் பறிகொடுத்தது எலும்பிடம்.

எலும்பைப் பற்றி அன்று பலரும் நினைத்தது என்ன? அது வீட்டுக்குத் தூண் மாதிரி. ஒரு தடவை நட்டு விட்டால் அப்படியே நிற்கும் என்று நினைத்தார்கள். இன்றும் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை வேறு. எலும்பு எப்போதும் வேலை நடந்துகொண்டே இருக்கும் வீடு. ஒரு பக்கம் பழைய சுவரை இடிப்பார்கள். இன்னொரு பக்கம் கொத்தனார்கள் புதுச் சுவர் எழுப்புவார்கள். இடிப்பும் கட்டடமும் சமமாக இருந்தால் எலும்பு உறுதியாக இருக்கும். இடிப்பு மிஞ்சினாலும் ஆபத்து. கொத்தனார் வேலைக்கு வராமல் போனாலும் ஆபத்து.

இடிக்கச் சொல்லி உத்தரவு போடுவது யார்? கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், பருப்பு அளவில் 4 சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். அவசரத்துக்கு வீட்டு நகையை அடகு வைப்பது போல! மீட்க முடிந்தால் சரி. மீட்காமல் அடகு வைத்துக்கொண்டே போனால்?

வியன்னாவில் ஓர் ஆசான்

1928-ல் ஆல்பிரைட் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனார். வியன்னா நகரத்தில் ஜேக்கப் எர்ட்ஹைம் என்ற அறிஞர் இருந்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் நிபுணர். எலும்பு மெலிந்து இறந்தவர்களுக்குப் பாராதைராய்டு சுரப்பி வீங்கியிருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

அதே வியன்னாவில் 1925-ல் ஓர் அதிசயம் நடந்திருந்தது. ஒரு டிராம் வண்டித் தொழிலாளி. எலும்பெல்லாம் மெலிந்து நடக்க முடியாமல் கிடந்தார். பெலிக்ஸ் மாண்டல் என்ற டாக்டர் அவருக்கு முதலில் பாராதைராய்டு சத்தை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். பயன் இல்லை. பிறகு மாண்டல் துணிந்து அந்த மனிதரின் கழுத்தைத் திறந்தார். உள்ளே ஒரு பாராதைராய்டு கட்டியாக வளர்ந்திருந்தது. அதை வெட்டி எடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடந்தார்.

அதாவது, நோய்க்கு மருந்து என்று நினைத்துக் கொடுத்ததுதான் நோயே!

ஆல்பிரைட் ஓர் ஆண்டு எர்ட்ஹைமின் பக்கத்திலேயே நின்று கற்றார். அதற்குப் பிறகு தன் வாழ்நாள் முழுவதும் அவரைக் குரு என்றே கொண்டாடினார். 1929-ல் பாஸ்டனுக்குத் திரும்பினார்.

குள்ளமாகிப் போன கேப்டன்

இங்கே ஒரு கப்பல் கேப்டனின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எலும்பு மருத்துவத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது.

சார்லஸ் மார்ட்டல் என்பது அவர் பெயர். சரக்குக் கப்பல் கேப்டன். நல்ல உயரம், 6 அடிக்கு மேல். முதல் உலகப் போர் முடிந்த பிறகு அவருக்கு முதுகு வலித்தது. பிறகு சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் எலும்பு முறிந்தது. முதுகெலும்பு நசுங்கி நசுங்கி, சில ஆண்டுகளில் 7 அங்குலம் குள்ளமாகி விட்டார்! பழகியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சிறுநீரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு இறங்கியது. சிறுநீரகத்தில் கல் விழுந்தது.

1926-ல் நியூயார்க்கில் யூஜின் டுபாய் என்ற டாக்டர் இது பாராதைராய்டு செய்யும் வேலை என்று ஊகித்தார். கேப்டன் பாஸ்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். கழுத்தைத் திறந்து பார்த்தார்கள். கட்டி இல்லை. மறுபடியும் திறந்தார்கள். இல்லை. பிறகு நியூயார்க்கில் ஒரு தடவை. அப்போதும் இல்லை.

ஆல்பிரைட்டும் அவருடைய தோழர்களும் கேப்டனை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் 4-வது வார்டு என்று ஒன்று உண்டு. 10 கட்டில்கள்தான். ஆனால் அங்கே நடந்தது போன்ற வேலை வேறு எங்கும் அப்போது அரிது. நோயாளி சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் தராசில் வைத்து நிறுப்பார்கள். தட்டில் மீதி வைத்தால் அதையும் நிறுப்பார்கள். அவர் கழிக்கும் மலம், மூத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சோதிப்பார்கள். உள்ளே போன சுண்ணாம்பு எவ்வளவு? வெளியே வந்தது எவ்வளவு? மளிகைக் கடைக்காரர் வரவு செலவு பார்ப்பது போலத்தான். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இது நடக்கும்.

கேப்டனின் கணக்கில் செலவு அதிகம், வரவு குறைவு. எலும்பு என்ற முதல் கரைந்துகொண்டே இருந்தது. ஆகையால் கட்டி எங்கேயோ இருக்கத்தான் வேண்டும்!

1932-ல் மறுபடியும் அறுவை சிகிச்சை தொடங்கியது. எட்வர்டு சர்ச்சில், ஆலிவர் கோப் என்ற 2 சர்ஜன்கள். கோப் இதற்காகவே பிணவறையில் பல உடல்களை அறுத்து அந்தச் சின்னச் சுரப்பிகளைத் தேடிப் பழகினார். கழுத்தில் 4-வது தடவை, 5-வது தடவை, 6-வது தடவை. ஒன்றும் அகப்படவில்லை.

மற்றவராக இருந்தால் போதும் சாமி என்று ஊருக்குப் போயிருப்பார். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவ நூலகத்துக்குப் போனார். உடற்கூறு புத்தகங்களை எடுத்துப் படித்தார். அந்தச் சுரப்பி சில பேருக்குக் கழுத்தில் இல்லாமல் மார்புக்குள் இறங்கியிருக்கலாம் என்று அறிந்தார். மார்பைத் திறந்து பாருங்கள் என்று டாக்டர்களிடம் வற்புறுத்தினார்.

1932 நவம்பரில் 7-வது தடவையாக அவரை மேஜையில் படுக்க வைத்தார்கள். மார்பைத் திறந்தார்கள். அங்கே இருந்தது கட்டி!

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கட்டியின் பெரும் பகுதியை எடுத்ததும், பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த எலும்புகள் ரத்தத்தில் இருந்த சுண்ணாம்பை எல்லாம் அள்ளி விழுங்கத் தொடங்கின. ரத்தத்தில் சுண்ணாம்பு விழுந்தது. தசைகள் இழுத்தன. போதாததற்கு ஒரு கல் சிறுநீர்க் குழாயில் வந்து அடைத்துக்கொண்டது. அதை எடுக்க நடந்த சிகிச்சைக்குப் பிறகு, சுமார் 6 வாரத்தில், கேப்டன் மார்ட்டல் உயிர் நீத்தார்.

அவர் எலும்பை எந்த நோய் அரித்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் உயிரைக் கொண்டுபோனது சிறுநீரகம். எலும்பும் சிறுநீரகமும் தனித்தனி வீடு அல்ல, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் என்பதை ஆல்பிரைட் இங்கேதான் ஆழமாகக் கண்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்களின் ரத்தத்தில் சுண்ணாம்பை அளந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தார். இந்த நோய் மிக மிக அரிது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1934-ல் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் இருந்து 17 பேரைக் காட்டினார். நோய் அரிதாக இல்லை. தேடுகிறவர்கள்தான் அரிதாக இருந்தார்கள்!

வண்டியின் முன்னே எது? பின்னே எது?

இப்போது நம்முடைய விஷயத்துக்கு வருவோம்.

சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்குக் கால் வளைவதும், பெரியவர்களுக்கு எலும்பு மெலிவதும் டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். இறந்த பிறகு பார்த்தால் பாராதைராய்டு பெருத்திருக்கும். ஆனால் எது முதல்? சுரப்பி பெருத்ததால் சிறுநீரகம் கெட்டதா? சிறுநீரகம் கெட்டதால் சுரப்பி பெருத்ததா?

1937-ல் ஆல்பிரைட்டும் அவர் தோழர்களும் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸ் என்ற உப்பை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் சுண்ணாம்பின் அளவு குறையும். சுண்ணாம்பு குறைவதைக் கண்டு பாராதைராய்டு பதறும். இரவு பகலாக வேலை செய்யும். வேலை செய்து செய்து பெருக்கும். எலும்பை இடித்து இடித்துச் சுண்ணாம்பைக் கொடுக்கும்.

ஆகவே கேப்டனின் சுரப்பி வேறு. சிறுநீரக நோயாளியின் சுரப்பி வேறு. அது தானாகக் கெட்ட பிள்ளை. இது குடும்பக் கஷ்டத்தால் அளவுக்கு மீறி உழைத்துக் கெட்ட பிள்ளை.

அவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. நாம் வெயிலில் இருந்து பெறுகிற வைட்டமின் டி, சிறுநீரகத்துக்குப் போய்த்தான் முழு வேலை செய்யும் பொருளாக மாறுகிறது. இதை இங்கிலாந்தில் 1970-ல் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகம் போனால் அந்த வைட்டமினும் போகிறது. குடல் சுண்ணாம்பை உறிஞ்சாது. எலும்புக்கு இரட்டை அடி. ஆல்பிரைட் போட்ட கணக்கில் விட்டுப்போன வரவு இதுதான். மற்றபடி அவர் கணக்கு இன்றும் நிற்கிறது.

பெண்களும் சேவலும்

வயதான பெண்களுக்கு முதுகு கூனுவது வயதின் கோளாறு என்று உலகம் நினைத்தது. நம் பாட்டிமார்களைப் பார்த்து நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆல்பிரைட் தன் நோயாளிகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பெண்கள். பெண்மைக்கு உரிய ஹார்மோன் குறைந்ததும் கொத்தனார் வேலை மந்தமாகிறது என்று 1940, 1941-ம் ஆண்டுகளில் எழுதினார். இடிப்பு மிஞ்சுவதுதான் இதில் பெரும் பங்கு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் காரணம் ஹார்மோன்தான் என்ற அடிப்படை மாறவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஹார்மோன் போதாத நோய்க்கு ஹார்மோனைக் கொடுத்தால் குணமாக வேண்டும் அல்லவா? சிலருக்குப் பாராதைராய்டு சத்தை ஊசியாகப் போட்டும் பலன் இல்லை. ஆல்பிரைட்டுக்கு ஒரு சேவல் ஞாபகம் வந்தது. செப்ரைட் என்ற சின்னஞ்சிறு சேவல். அது ஆண்தான். ஆனால் இறகு மட்டும் கோழியைப் போல இருக்கும். ஆண் ஹார்மோன் இருந்தும் இறகு அதன் சொல் கேட்கவில்லை! அதே மாதிரி இந்த நோயாளிகளிடம் ஹார்மோனுக்குக் குறைவில்லை. உடம்புதான் அதன் சொல்லைக் கேட்பதில்லை என்று 1942-ல் சொன்னார். நோய்க்கு அந்தச் சேவலின் பெயரையே வைத்தார்.

சேவல் விஷயத்தில் அவர் நினைத்தது தப்பு. அதன் தோல் ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றி விடுகிறது என்று 1981-ல் தெரிந்தது. ஆனால் நோயாளிகள் விஷயத்தில் அவர் சொன்னது சரி. தப்பான உதாரணத்தைக் கொண்டு சரியான உண்மைக்குப் போன கெட்டிக்காரர்!

நிலவு முகம்

அட்ரீனல் என்பது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் முகம் முழு நிலவு போல வீங்கும். வயிறு பெருக்கும். கை கால் மெலியும். எலும்பு பஞ்சாகும். இதற்குக் குஷிங் நோய் என்று பெயர்.

இந்த நோயில் எலும்பு ஏன் பஞ்சாகிறது? ஆல்பிரைட் தம் வார்டில் நிறுத்து நிறுத்துப் பார்த்தார். அட்ரீனல் ஹார்மோன் அதிகமானால் உடம்பு புரதத்தைக் கொண்டு புதிதாக எதையும் கட்டுவதில்லை. எலும்பு என்பது வெறும் சுண்ணாம்பு அல்ல. புரதத்தால் ஆன சட்டம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் மேல்தான் சுண்ணாம்பு படிகிறது. சட்டமே இல்லாவிட்டால் சுண்ணாம்பு எங்கே ஒட்டும்? கொத்தனார்களையே வீட்டுக்கு அனுப்பி விடுகிற ஹார்மோன் இது என்று 1940-களின் தொடக்கத்திலேயே அவர் விளக்கினார்.

கவனியுங்கள். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1948-ல்தான். அந்த மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே, அது எலும்பை என்ன செய்யும் என்று ஒருவர் சொல்லி வைத்து விட்டார்.

தனக்கு வந்த நோய்

இவ்வளவையும் செய்தவர் நல்ல உடம்போடு செய்யவில்லை.

1930-களின் நடுவில், வயது 36-ஐ ஒட்டி, அவர் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய். கிழவர்களுக்கு வரும் நோய், வாலிப வயதிலேயே அவரைப் பிடித்தது. அன்று அதற்கு நல்ல மருந்து கிடையாது. அப்போது அவர் கல்யாணமானவர். மனைவி கிளேர். 2 பையன்கள்.

எலும்பு நோய்கள் பற்றி அவர் எழுதிய புகழ் பெற்ற கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த நடுக்கம் வந்த பிறகு வந்தவையே. 1948-ல் பாராதைராய்டு பற்றியும் எலும்பு நோய்கள் பற்றியும் ஒரு பெரிய புத்தகத்தை வெளியிட்டார். உலகம் முழுவதும் டாக்டர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

1944-ல் ஒரு டாக்டர் சங்கத்தில் தலைமை உரை ஆற்றினார். நோயாளியையும் கவனித்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்வது, ஓடுகிற 2 குதிரைகள் மேல் நின்றுகொண்டு சவாரி செய்வதைப் போன்றது என்பது அவர் கருத்து. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நம் ஊரில் கேலி செய்வோம். அவர் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார். எதையாவது அளந்து பார். எல்லாரையும் போல இல்லாத அந்த ஒரு நோயாளியை விட்டு விடாதே என்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நோய் முற்றியது. 1956-ல், மூளைக்குள் ஊசி மூலம் சாராயச் சத்தைச் செலுத்தி நடுக்கத்தை நிறுத்தும் ஒரு புதிய சிகிச்சைக்கு அவர் சம்மதித்தார். அது சோதனை முறையில் இருந்த சிகிச்சை. ஆபத்து அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைச் சோதனைக் கட்டிலில் படுக்க வைத்தவர், இப்போது தானே படுத்தார்.

மூளையில் ரத்தம் கசிந்தது. அந்த அறிவு விளக்கு அன்றோடு மங்கியது. பேச்சு போயிற்று. அவருக்கு வயது 56.

தாம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், ஒரு கட்டிலில், 13 ஆண்டுகள் அவர் பேச்சில்லாமல் கிடந்தார்.

அதே ஊரில் இன்னொரு புதுமை

அந்தக் காலத்தை ஒட்டி உலகம் என்ன செய்துகொண்டிருந்தது?

1954 டிசம்பர் 23-ந் தேதி, அதே பாஸ்டன் நகரில், வேறோர் ஆஸ்பத்திரியில், ஜோசப் மர்ரே என்ற சர்ஜனும் அவர் கூட்டாளிகளும் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசலாக ஒன்று போல் பிறந்த இரட்டையர்கள். ஆகையால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியன் என்று விரட்டவில்லை. தம்பதிகள் போல் ஒத்துப் போயிற்று. வாங்கிக்கொண்டவர் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எல்லாருக்கும் இரட்டைப் பிறவி ஏது? அண்ணன் கொடுத்தாலும் அம்மா கொடுத்தாலும் உடம்பு எதிர்த்தது. எதிர்ப்பை அடக்க ஒரு மருந்து வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அசதயோபிரின் என்ற மருந்தோடு ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தாமஸ் ஸ்டார்சல் என்ற சர்ஜன் 1963-ல் இந்தச் சேர்க்கையின் பலனைக் காட்டினார். அதன் பிறகுதான் சிறுநீரக மாற்று உலகம் முழுவதும் பரவியது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-ல் வெற்றி கண்டார்கள்.

உயிரைக் காப்பாற்றிய ஸ்டீராய்டு எது? அட்ரீனல் ஹார்மோனின் தம்பி! கொத்தனார்களை வீட்டுக்கு அனுப்பும் என்று ஆல்பிரைட் சொன்னாரே, அந்தக் குடும்பம்தான்.

இப்போது நோயாளியின் எலும்பை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் சிறுநீரகம் கெட்டிருந்தபோது பாராதைராய்டு அதை இடித்து இடித்துப் பாதியாக்கி விட்டது. புதுச் சிறுநீரகம் வந்து விட்டது. இனி உத்தரவை நிறுத்து என்றால் பெருத்துப் போன சுரப்பி உடனே கேட்குமா? கேட்பதில்லை. சிலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் அது தன் பழைய வேலையைத் தொடர்கிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறுகிறது. பாஸ்பரஸ் மிகவும் இறங்குகிறது. எலும்பே சுரக்கும் ஒரு ஹார்மோனும் பாஸ்பரசை வெளியே தள்ளுகிறது என்று 2000-ம் ஆண்டுக்குப் பிறகு தெரிய வந்தது. அதோடு ஸ்டீராய்டு. ஒரு பக்கம் இடிப்பு நிற்கவில்லை. இன்னொரு பக்கம் கொத்தனார் வரவில்லை.

ஆல்பிரைட் தனித்தனியாகக் கண்டுபிடித்த 2 நோய்கள் ஒரே உடம்பில் சந்தித்துக்கொண்டன. அவரோ அதே ஊரில், பேச முடியாமல், கட்டிலில்.

எலும்பு அதிகமாகக் கரைவது மாற்றுச் சிகிச்சை நடந்த முதல் ஓர் ஆண்டில்தான். அதிலும் ஸ்டீராய்டு அதிகமாகக் கொடுக்கப்படும் முதல் மாதங்களில். முதுகெலும்புதான் முதலில் அடி வாங்கும். சிலருக்குத் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் நின்று, அந்த இடம் செத்துப் போகிறது. இடுப்பிலோ தொடையிலோ வலி எடுத்து நொண்ட ஆரம்பித்தால், ஏதோ பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டு இருக்கக் கூடாது. டாக்டரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலும்பு போகிறதே என்று பயந்து ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. எலும்பைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தைத் தோற்பார்கள். உயிருக்கே ஆபத்து வரலாம். எலும்புக்கு நல்லது என்று கடையில் சுண்ணாம்பு மாத்திரை வாங்கித் தாமாகச் சாப்பிடுவதும் தப்பு. ரத்தத்தில் ஏற்கனவே சுண்ணாம்பு ஏறியிருந்தால் அது புதுச் சிறுநீரகத்துக்கே கெடுதல்.

இன்று டாக்டர்கள் ஸ்டீராய்டின் அளவைக் கூடிய வரையில் குறைத்துக் கொடுக்கிறார்கள். புதிய மருந்துகள் வந்திருப்பதால் அது முடிகிறது. வைட்டமின் டி குறைந்தால் கொடுக்கிறார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்றுநோய் பயம் இருப்பதால் வெயிலில் அதிகம் நிற்காதே என்கிறார்கள். ஆகையால் அந்த வைட்டமின் குறைவது சகஜம். எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாருக்கும் அல்ல. சிலருடைய எலும்பில் இடிப்பும் இல்லை, கட்டடமும் இல்லை. வேலையே நின்று போயிருக்கும். அவர்களுக்கு அந்த மருந்து கொடுத்தால் கெடுதலாக முடியலாம். பாராதைராய்டு அடங்காவிட்டால் அதை அடக்க மாத்திரை உண்டு. அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை. கேப்டனுக்கு 7 தடவை தேடிய சுரப்பியை இன்று படம் பிடித்துப் பார்த்து விட்டுத்தான் பெரும்பாலும் கத்தியை எடுக்கிறார்கள்.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர் பரிசோதனைக்குப் போனால், சுண்ணாம்பு, பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். கையில் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பதோடு சரி. 4-வது வார்டில் வாரக் கணக்கில் சோற்றையும் மலத்தையும் நிறுத்து அறிந்த சங்கதியில் பெரும் பகுதி அந்தச் சீட்டில் வந்து விடுகிறது.

1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர், லெவோடோபா என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்து, பார்க்கின்சன் நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தார். 1956-க்கும் 1967-க்கும் இடையே 11 ஆண்டு. ஆல்பிரைட்டுக்கு அது உதவுகிற காலம் கடந்து போயிருந்தது.

1969 டிசம்பர் 8-ந் தேதி அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் காலமானார். அவருக்கு வயது 69.